படத்தில் இருந்த முதுகு

"ஒரு மனுஷன் தன் வீட்டுத் தரையில ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விழுந்து கிடந்தா, முதல்ல எது போகும் தெரியுமா?"

"காலையில வந்ததும் வராததுமா என்ன கேள்விங்க இது?"

"குரல்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். கணவன் சமையலறை வாசலில் நின்றிருந்தான். துவைத்த சீருடைச் சட்டையை இரண்டு கையாலும் முறுக்கியபடி இருந்தான். தண்ணீர் வடிவது நின்ற பிறகும் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு?"

"ஒரு பெரியவர். தனியா இருக்கார். தண்ணி கேன் போடறவர்தான் பாத்திருக்கார். நேத்து வச்ச கேன் வாசல்லயே இருக்கேன்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருக்கார். நாங்க போய்க் கதவை உடைச்சோம். இடுப்பெலும்பு போயிருக்கு. அசைய முடியல. வண்டியில ஏத்தினதும் என் கையைப் பிடிச்சவர் விடவே இல்ல. மகளையே கூப்பிட்டுக்கிட்டு வந்தார். குரலே இல்ல, வெறும் காத்துதான் வருது. குனிஞ்சு காதைக் கொடுத்தாத்தான் கேக்கும். என் கையை மகள் கைன்னு நினைச்சுட்டார் போல."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரியுது. மூச்சு நின்னுடுச்சு. உள்ள கொண்டு போற வரைக்கும் நெஞ்சை அழுத்திக்கிட்டே இருந்தேன்." சட்டையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு உள்ளங்கையைப் பார்த்தான். "மகள் வெளிநாட்டுல இருக்காம். கிடந்ததையும் கூப்பிட்டதையும் யாரும் சொல்ல வேண்டாம்னு நானும் டிரைவரும் பேசிக்கிட்டோம். அதைக் கேட்டுட்டு அந்தப் பொண்ணு மிச்ச வாழ்க்கையை எப்படி ஓட்டும்?"

"அதை ஏங்க எங்கிட்ட சொல்றீங்க?"

"எங்கயாவது இறக்கி வைக்கணும் போல இருந்துச்சு. உன்கிட்ட வச்சா பத்திரமா இருக்கும்."

பிறகு வந்த நாட்களில் இந்தப் பேச்சை அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். கடைசி வரி வந்ததும் ஒவ்வொரு தடவையும் நினைப்பு அப்படியே நின்றுவிடும்.

அவன் ஆம்புலன்ஸில் நோயாளிக்குப் பக்கத்தில், பின்னால் உட்கார்ந்து வருகிற உதவியாளன். ஷிப்டு முடிந்து வந்தால் முதல் வேலை, குளியலறைக்குப் போய்த் தனி வாளியில் சீருடையைத் தானே துவைப்பது. அவளைத் தொட விடமாட்டான். கல்யாணமான புதிதில், "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்பாள். "ஓடிச்சு" என்பான். அவ்வளவுதான். வண்டியில் கேட்டது வண்டியோடு என்பது அவர்கள் ஆம்புலன்ஸ் ஸ்டேஷனில் எழுதாத சட்டம். வண்டி நிற்கிற இடத்துக்குக் கூட அவளைக் கூட்டிப் போனதில்லை. "நீ பாக்கற மாதிரி இடம் இல்லம்மா அது." ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "உங்க ஸ்ட்ரெச்சருக்குத் தெரிஞ்சது கூட கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான்.

அப்படிப்பட்டவன் அன்றைக்கு வாய் திறந்தான். செத்துப்போனவர் கதைதான், ஆனாலும் அவளுக்கு உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. கடைக்குப் போகிற வழியெல்லாம் அதை நகை மாதிரித் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸை ஃபிரேம் அளவுக்கு ராவி உட்கார வைக்க வேண்டும். காதில் மாட்டுகிற கம்பியைச் சூடுகாட்டி வளைக்க வேண்டும். பிறகு ஒரு தட்டைக் கண்ணாடிப் பலகையில் ஃபிரேமைக் கவிழ்த்து வைத்து, இரண்டு கம்பியும் ஒரே மாதிரி பலகையைத் தொடுகிறதா என்று கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒரு நூல் சாய்வு கூடத் தப்பாது. "உன் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டா வர்றே?" என்பாள் முதலாளியம்மா.

சில வாரம் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியது நாத்தனார். இவர்களோடு தங்கிக் கல்லூரிக்குப் போகிறவள், வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். 'அண்ணி, இது நம்ம அண்ணன்தானே?' என்று கேட்டிருந்தாள்.

பின்கதவு திறந்த ஒரு ஆம்புலன்ஸ். படியில் சீருடை போட்ட ஒருவன் கேமராவுக்கு முதுகைக் காட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். தலை தொங்கியிருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில். ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருந்தது. மேலே இப்படி எழுதியிருந்தது: 'உள்ளே ஒரு உயிர் துடிக்கிறது. வெளியே ஐயாவுக்கு ஓய்வு வேண்டியிருக்கிறது. உங்கள் அப்பா உள்ளே இருந்தால் சும்மா இருப்பீர்களா?' போட்டிருந்த பக்கத்தின் பெயர் 'சும்மா கேட்டேன்'.

அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, சோபாவில் சாயும்போது, தூங்கும்போது, எப்போதும் அப்படித்தான் இறங்கியிருக்கும். அது அந்தப் பெரியவர் போன காலை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். வேறு என்றைக்கு அவன் இப்படித் தலை தொங்க உட்கார்ந்திருப்பான்?

படத்துக்குக் கீழே இறங்கிப் படித்தாள். 'இவனையெல்லாம் அதே வண்டியில் கட்டிப் போட வேண்டும்.' 'சம்பளம் வாங்கிக்கிட்டுத் தூங்கற ஜென்மம்.' 'பெண்டாட்டி பிள்ளை நன்றாக இருக்குமா?' டப்பாவை மூடினாள்.

வாலு போனில் வந்தாள். "பாத்தீங்களா அண்ணி? நான் ரெண்டு பேரைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டேன். நீங்களும் களத்துல இறங்குங்க."

"உனக்குப் பரீட்சை இல்லையா?"

"அண்ணன் மானம் கப்பலேறுது, பரீட்சையாம் பரீட்சை! நீங்க சொன்னாத்தான் எடுபடும். நீங்கதானே பொண்டாட்டி?"

அவள் பொதுவாக இந்த மாதிரி இடத்தில் வாயைத் திறக்கிறவள் இல்லை. பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. அன்றைக்கு எழுதினாள். 'வண்டிக்குள் யாரும் இல்லை. நோயாளியை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.'

உடனே பதில் வந்தது. 'உங்களுக்கு எப்படித் தெரியும்?'

'நான் அவர் மனைவி.'

அதற்குக் கீழே கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரிக்கிற முகங்கள் வரிசையாக முளைத்தன. 'வீட்டம்மா வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க' என்றான் ஒருவன். அன்றைக்கு ஒரு பெரியவருக்கு நெஞ்சை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்து போய் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினாள்.

'கதை நல்லா இருக்கு. ஆதாரம்?'

ஆதாரமா? தெருப் பெயரை எழுதினாள். கணவன் அதைச் சொல்லியிருக்கவில்லை. 'பூங்காவுக்குப் பின்னால, பச்சை கேட் வீடு, உங்க அண்ணி கடைக்குப் போற வழிதான்' என்று அன்றைக்கு ஸ்டேஷன் டிரைவர் வாலுவிடம் சொல்லியிருந்தார். பச்சை கேட் என்றும் எழுதினாள். வாசலில் இருந்த தண்ணீர் கேனையும் எழுதினாள்.

'அப்புறம்?'

அந்த ஒரே ஒரு வார்த்தை. எதிரில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவன் சாய்ந்து நின்று கேட்கிற மாதிரி இருந்தது. அவள் அப்புறத்தையும் சொன்னாள்.

'ஒரு பகல் ஒரு ராத்திரி தரையில் கிடந்து, மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் செத்தவரைக் கையில் தாங்கியது என் புருஷன். பெற்ற மகள் ஒரு போன் கூடப் போடவில்லை. கேள்வி கேட்கிறதானால் அவளைப் போய்க் கேளுங்கள்.'

'ஒரு போன் கூட' என்பது கணவன் சொன்னதில்லை. அது அவள் விரலிலேயே வந்தது. எழுதும்போது அந்த வாக்கியத்துக்கு அங்கே ஒரு கனம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

காற்று திரும்பிவிட்டது. 'சகோதரி, உங்கள் கணவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.' 'தெரியாமல் திட்டிவிட்டேன், மன்னிக்கவும்.' சிவப்பு இதயங்கள் வந்து குவிந்தன. மதியம் முழுக்க அவள் தலை நிமிர்ந்து வேலை செய்தாள்.

மாலையில் கணவன் வந்ததும் வாலு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்க இப்ப பெரிய ஆளு. அண்ணி ஒத்தை ஆளா நின்னு ஊரையே ஓட விட்டாங்க. இந்தாங்க, படிங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஐஸ்க்ரீம்."

அவன் ஷூவைக் கூடக் கழற்றவில்லை. நின்றபடியே படித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாராட்டை எதிர்பார்த்து இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எதிர்பார்த்துத்தான் நின்றாள்.

அவன் திரையில் மேலே போய்ப் படத்தைப் பெரிதாக்கினான்.

"இது நான் இல்ல."

"என்னங்க?"

"இந்தப் படத்துல இருக்கிறது நான் இல்ல. எங்க வண்டிக்குப் பின்கதவு ரெண்டா பிளந்து திறக்கும். இது மேல தூக்கற கதவு. இந்த மாதிரி வண்டி எங்க ஸ்டேஷன்லயே கிடையாது."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவன் தலைக்கு மேல் கதவு கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை. படத்தில் பாதி அதுதான். மதியம் முழுக்க அவள் தோளைத்தான் பார்த்தாள்.

"தோளு... உங்க தோளு மாதிரியே..."

"ஸ்ட்ரெச்சர் தூக்கறவன் எல்லாருக்கும் இப்படித்தான் இறங்கும்."

"அப்ப யாருண்ணே இது?" என்றாள் வாலு. குரலில் வால் சுருண்டுவிட்டது.

"யாரோ."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "அந்தப் பொண்ணு ஸ்டேஷனுக்கு வந்துச்சு. போன வாரம். இன்னும் ஊருக்குத் திரும்பல, அப்பா வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு இருக்காம். நன்றி சொல்லணும்னு வந்துச்சு. சொல்லிட்டும் போகாம நின்னுச்சு. என்னமோ கேக்கணும்னு வாயெடுத்துச்சு, கேக்கல. அது கேட்டைத் தாண்டிப் போனப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல."

திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது. அவன் அவள் கையிலிருந்த போனை வாங்கி மேசைமேல், அடிபட்டவரைப் படுக்க வைக்கிற பக்குவத்தில் மெல்ல வைத்துவிட்டுச் சட்டையைத் துவைக்கப் போனான்.

அவள் எழுதினதையெல்லாம் அப்போதே அழித்தாள். அதற்குள் 'சும்மா கேட்டேன்' அதைப் படம்பிடித்துப் புதிதாகப் போட்டுவிட்டிருந்தது. ஆம்புலன்ஸ் இல்லை, கணவன் இல்லை, அவளும் இல்லை. கடைசி வரிகளை மட்டும் கத்தரித்து எடுத்து, மேலே ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். 'பெற்றவனைத் தரையில் சாகவிட்ட மகள். இவளை என்ன செய்யலாம்? சும்மா கேட்டேன்.'

அன்றைக்கு மதியம் ஆம்புலன்ஸ்காரனைக் கட்டிப் போடச் சொன்ன அதே ஆட்கள் இங்கேயும் வந்திருந்தார்கள். யாரோ அந்தத் தெருவுக்குப் போய்ப் பச்சை கேட்டைப் படமெடுத்துப் போட்டார்கள். யாரோ மகளின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். அவள் வேலை செய்கிற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏதோ ஒரு விருந்தில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிற பழைய படம் ஒன்று கிடைத்தது. 'அப்பன் தரையில் கிடக்கும்போது மகள்' என்று எழுதிக் கைக்குக் கை மாற்றினார்கள். கடைக்கு வந்த ஒரு அம்மாள் கூட, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபடியே, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களைப் பாத்தியாம்மா?" என்று அதை அவளிடமே காட்டினாள்.

ஸ்டேஷன் டிரைவர் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். மேடு பள்ளம் தெரிந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார் என்பதால் அவருக்கு ஸ்டேஷனில் வேகத்தடை என்று பெயர். கணவன் குளித்துக்கொண்டிருந்தான்.

"அவனை வண்டியில இருந்து இறக்கிட்டாங்க தங்கச்சி. விசாரணை முடியற வரைக்கும் ஸ்டோர்ல போட்டிருக்காங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர் உருட்டறான்."

"சொல்லலையே அவர்."

"எங்கிட்டயும் ஒண்ணும் பேசறதில்ல. நோயாளி விஷயத்தை வெளிய விட்டவன்னு பேரு. மேலதிகாரி நாக்கைப் பிடுங்கற மாதிரி கேக்கறார். யார் மூலமா வெளிய போச்சுன்னு கேட்டா, 'என் தப்பு சார், நான்தான் வாயை விட்டேன்'ங்கறான். ஒரே பாட்டு." அவர் காபி டம்ளரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சை கேட்டுன்னு நானும் இந்த வாலுகிட்ட உளறினேன். ஒவ்வொரு பள்ளமா பாத்து ஓட்டறவன்னு எனக்குப் பேரு வேற." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வீட்டுலயாவது பேசறானா?"

"உப்பு போதுமான்னு கேட்டா தலையாட்டுவார்."

அவர் போன பிறகு அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இதுவரை தன் சண்டை நடந்த இடத்தை மட்டுமே பார்த்தவள், முதல் தடவையாகக் கீழே கீழே இறங்கினாள். மேசைமேல் தலை சாய்த்திருக்கும் ஒரு ஆசிரியை. போனைப் பார்க்கும் ஒரு நர்ஸ். வேலியோரம் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு காவலாளி. பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி நிற்கும் ஒரு டிரைவர். ஒருவர் முகமும் தெளிவாக இல்லை. எந்த ஊர், எந்த நாள் என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே யாரோ ஒரு மனைவி, ஒரு தங்கை, ஒரு மகன் வந்து மல்லுக்கு நின்றிருந்தார்கள். 'எங்கம்மா அன்னைக்குக் காய்ச்சலோடு பாடம் நடத்தினாங்க' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தான். அவனாவது தன் அம்மாவைத்தான் பார்த்தானா?

எல்லாவற்றுக்கும் ஒரே மூன்று பதில்தான். 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' 'கதை நல்லா இருக்கு. ஆதாரம்?' 'அப்புறம்?' ஒரு புள்ளி கூட மாறவில்லை.

தன் கணவனை வெறுக்கிற ஒருவனோடு சண்டை போட்டதாக அவள் நினைத்திருந்தாள். யாரும் அவனை வெறுக்கவில்லை. அங்கே இருந்தவனுக்கு அவனைத் தெரியவே தெரியாது. கோபம் முழுக்க அவளுடையது. அந்தப் பக்கத்துக்காரன் காலியான சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினாள். பத்திரமாக இருக்கும் என்று ஒருவன் கொடுத்து வைத்ததையும் சேர்த்து.

கதவு தட்டப்பட்டது. வாலு அழுது வீங்கிய கண்ணோடு நின்றாள். "நான்தான் அண்ணி அனுப்பினேன். நான்தான் ஏத்தி விட்டேன்."

"நீ படம் அனுப்பினே. எழுதினது நான். போய் மூஞ்சியைக் கழுவு."

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. கணவன் காலைச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவும்போது சொன்னாள். "நான் அந்த வீட்டுக்குப் போறேன்."

அவன் குழாயை மூடினான். துண்டில் கையைத் துடைத்தான். பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள். வழக்கமாக அவன் தோளைப் பிடித்துக்கொள்கிற கை அன்றைக்கு இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

பூங்காவுக்குப் பின்னால் வண்டியை எதிர்ச் சாரியிலேயே நிறுத்தினான். "நான் உள்ள வரக் கூடாது. விசாரணை முடியற வரைக்கும் அவங்களைப் பாக்கவோ பேசவோ கூடாதுன்னு உத்தரவு. நீ போ."

பல நாளில் அவன் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அது.

கேட்டில் கருப்புப் பெயிண்டால் யாரோ எதையோ எழுதியிருந்தார்கள். யாரோ அதைத் தேய்த்து அழிக்கப் பார்த்திருந்தார்கள். பச்சைப் பெயிண்டும் சேர்ந்து உரிந்து, 'காரி' என்கிற கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. வாசலில் கட்டிலும் அலமாரியும் சுவரைப் பார்த்து நின்றன.

கதவைத் திறந்தவளுக்கு அவள் வயதுதான் இருக்கும். கையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப். "போட்டோ எடுக்கணும்னா வெளிய நின்னே எடுத்துக்குங்க. யாரும் தடுக்கல."

"அதை எழுதினது நான்தான்."

பெரியவரின் மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். என்னமோ பெரிய உருவமாக எதிர்பார்த்திருந்தாள் போல. "உள்ள வாங்க" என்றாள். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

கூடத்தில் ஒரு மேசையும் பாதி கட்டிய பெட்டிகளும் இருந்தன. மகள் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த வெறும் தரையை மிதிக்காமல், சுற்றிக்கொண்டு போய் நின்றாள். பின்னால் வந்தவளும் அதைப் பார்த்து அதே மாதிரி சுற்றிக்கொண்டு வந்தாள்.

"உக்கார நாற்காலி இல்ல. எல்லாத்தையும் குடுத்துட்டேன்." டேப்பை இழுத்து ஒரு பெட்டியின்மேல் ஒட்டினாள். "ஆபீஸ்ல, லீவு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்கறாங்க. திரும்பி வான்னு சொல்ல மாட்டேங்கறாங்க. என் பொண்ணு படிக்கிற இடத்துக்கும் இந்தச் செய்தி போயிடுச்சு. 'தாத்தாவை நீ சாக விட்டியாம்மா?'ன்னு போன்ல கேக்கறா. ஏழு வயசு. அவளுக்கு நான் என்ன சொல்லணும்? நீங்க நல்லா எழுதறீங்களே, அதனால கேக்கறேன்."

மன்னிப்பு என்ற சொல்லை இந்த அறையில் எடுத்து எங்கே வைப்பது? தன்னால் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"பொய்ங்க. நான் எழுதினது எல்லாமே பொய். கோவத்துல கட்டி விட்டேன். உங்கப்பா ரொம்ப நேரம் கிடக்கல. வண்டியில ஏத்தும்போதே அவருக்கு நினைவு இல்லையாம். யாரையும் கூப்பிடல. என் வீட்டுக்காரர் அப்படி ஒண்ணும் சொல்லவே இல்ல."

டேப் இழுபடுகிற சத்தம் நின்றது.

"போன் பண்ணலைன்னு எழுதினது பொய். அது எனக்கே தெரியும். நான் பண்ணினேன். அன்னிக்குப் பகல் பூரா பண்ணினேன், ராத்திரியும் பண்ணினேன். முந்தின வாரம்தான் எங்களுக்குள்ள சண்டை, வீட்டை வித்துட்டு என்னோட வந்து இருங்கப்பான்னு. கோவம் வந்தா அப்பா போனை எடுக்க மாட்டார். சின்ன வயசுல இருந்து பாக்கறேன், முறுக்கிக்கிட்டா முறுக்கிக்கிட்டதுதான். சரி, தானா இறங்கி வருவார்னு விட்டுட்டேன்." அவள் மேசையைத் தொட்டாள். "போன் இது மேலதான் இருந்துச்சு."

கேட்டுக்கொண்டிருந்தவள் மேசையையும் தரையையும் பார்த்தாள். கை நீட்டினால் எட்டுகிற தூரம் மாதிரித்தான் இருந்தது.

"போன் அடிச்சது அவருக்குக் கேட்டிருக்கும்" என்றாள் மகள்.

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. மகள் டேப்பின் நுனியை விரலால் தேடி எடுத்தாள்.

"தரையில கிடந்ததும் எனக்குத் தெரியும். தண்ணி கேன் போடறவர் வந்து அழுதுட்டுப் போனார். எனக்குத் தெரியாதது ஒண்ணுதான். கூப்பிட்டாரா, இல்லையா? அன்னிக்கு ஊருக்கெல்லாம் கூப்பிட்டார்னு சொன்னீங்க. இப்ப என் மூஞ்சியைப் பாத்து இல்லைங்கறீங்க. ஊர் திட்டறது கூட இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு அடங்கிடும். ஆனா கூப்பிட்டார்னு படிச்ச அன்னிக்கு நான் எவ்வளவு அழுதேனோ, அந்த அளவுக்கு... என்னைக் கோவிச்சுக்கிட்டே போகல அப்பான்னு ஒரு நிம்மதி. அதையும் இப்ப பிடுங்கிட்டீங்க. எதை நான் வச்சுக்கறது? சொல்லுங்க."

"நான் சொல்றது எதையும் வச்சுக்காதீங்க" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. வண்டியில கூட இருந்தது நான் இல்ல."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்ச் சாரியில், பைக்கின் மேல், இந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"அவர்தானே?"

"அவர் பேச மாட்டாருங்க. பேசக் கூடாதுன்னு உத்தரவு. வேலையே போயிடும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேலையைப் பற்றி இந்த வீட்டில் பேச அவளுக்கு என்ன இருக்கிறது?

மகள் அதைக் காதில் வாங்கவில்லை. டேப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த தரையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். அவளும் பின்னால் ஓடினாள். கேட்டைத் தாண்டி, தெருவைக் கடந்து, ஒரு ஸ்கூட்டர்காரன் திட்டிவிட்டுப் போக, மகள் பைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

அவன் எழுந்து நின்றான். மகளைப் பார்த்தான். அவள் தோளுக்கு மேலாக மனைவியைப் பார்த்தான். பல நாளுக்குப் பிறகு அவன் அவளைப் பார்க்கிற பார்வை அது. அதில் கோபம் இருக்கிறதா என்று அவள் தேடினாள். அவனுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அவள் ஏதாவது சொல்வாளா, தடுப்பாளா, வேண்டாம் என்று கையை ஆட்டுவாளா என்பதுதான் போல இருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"அன்னிக்கு ஸ்டேஷனுக்கு நன்றி சொல்ல வரலைங்க" என்றாள் மகள். "இதைக் கேக்கத்தான் வந்தேன். நீங்க இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டுத் திரும்பிட்டேன். அதுக்கப்புறம் தினமும் கிளம்புவேன், ஸ்டேஷன் கேட்டு வரைக்கும் வருவேன், திரும்பிடுவேன்."

அவன் கை, யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி, விரல்கள் பாதி மடங்கி நின்றன.

"எங்கப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவர் வச்ச பேர் ஒண்ணு இருக்கு. எங்கம்மா போனப்புறம் அது எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. என் புருஷனுக்குக் கூடத் தெரியாது. வண்டியில அவர் கூப்பிட்டது என்னைத்தான்னா, அதைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்." டேப் கையிலிருந்து நழுவித் தெருவில் உருண்டது. அவள் குனியவில்லை.

"அண்ணா, அவர் சொன்ன மாதிரியே, ஒரே ஒரு தடவை அதைச் சொல்லுங்க."